தூங்குகிற டேப்லெட் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோடு பேசுகிறது?

வடபழனி_வாசு · சனி, இரவு 9:12

டிவியில் விளம்பரத் தொல்லை தாங்காமல், டிராயரில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டேன். தெரியாதவர்களுக்காக: வீட்டில் உள்ள எந்தக் கருவி எந்த முகவரியைத் தேடினாலும் முதலில் இதனிடம்தான் வழி கேட்கும். விளம்பரக்காரன் முகவரியாக இருந்தால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். யார் எதைக் கேட்டார்கள் என்று குறிப்பும் எழுதி வைக்கும்.

போட்டது டிவிக்காக. மறுநாள் காலையில் காபியோடு உட்கார்ந்து அந்தக் குறிப்பைத் திறந்தால் முதலிடத்தில் டிவி இல்லை, என் ஆறு வயதுப் பையனின் டேப்லெட். ஒன்பதரை மணிக்கு அதைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜரில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆனால் 2:04, 2:05, 2:09, 2:10 என்று விடியும் வரை வரிசையாகக் கதவைத் தட்டியிருக்கிறது. நான்கே முகவரிகள், திரும்பத் திரும்ப. ஒன்று கேம் கம்பெனியுடையது மாதிரி இருக்கிறது, மற்ற மூன்றும் நான் கேள்வியே படாத பெயர்கள்.

எந்த ஆப் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது ஒரு வண்ணம் தீட்டும் ஆட்டம். யானைக்கு ரோஸ் கலர் அடிப்பான், அவ்வளவுதான் அதில் வேலை. நீக்கினால் அடங்குகிறது, மறுபடி போட்டால் ஆரம்பித்துவிடுகிறது. ஒரு யானைக்குக் கலர் அடிக்கிற இடத்தில் அந்த மூன்று பேருக்கு என்ன வேலை? கேம் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குழாயடி_குமார் · 9:31

ப்ரோ, ஓசி கேம். காசு வாங்காமல் எவனாவது யானை வரைந்து கொடுப்பானா? விளம்பரம் காட்டித்தான் பிழைப்பான். உங்கள் பையன் என்ன கலர் அடிக்கிறான் என்று தெரிந்துகொண்டு அவன் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறான்? ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோம், பூக்காரம்மாவுக்குக்கூட யுபிஐயில்தான் காசு கொடுக்கிறோம். இதற்கு மட்டும் ஏன் பதற்றம்? என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

பிக்சல்_பாண்டி · 10:02

கோவையில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் எட்டு வருடமாக வேலை. பெயர் வேண்டாம், மாதாமாதம் சம்பளம் வருகிற இடம்.

வாசு சார், முதலில் ஒரு திருத்தம். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். பை-ஹோல் தடுப்பதால் ஆப் 'நெட் இல்லை போல' என்று நினைத்து மறுபடி மறுபடி முயலும். தடுக்காமல் விட்டிருந்தால் இத்தனை தடவை தட்டியிருக்காது. அது நல்லதா என்று கேட்டால், இல்லை. சொல்ல வந்ததை முதல் தடவையிலேயே சொல்லி முடித்திருக்கும்.

அந்த மூன்று பெயர்களும் எஸ்.டி.கே.க்காரர்களாக இருப்பார்கள், அதாவது ஆப்புக்குள் அப்படியே சேர்த்துக்கொள்ளும் ஆயத்தப் புரோகிராம் தருபவர்கள். எங்களை மாதிரி கம்பெனிகள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. விளம்பரம் காட்ட ஒருவனுடைய புரோகிராம், எந்த விளம்பரத்தைப் பார்த்து யார் இன்ஸ்டால் செய்தார்கள் என்று கணக்குப் பார்க்க இன்னொருவனுடையது, கிராஷ் ஆனால் தகவல் சொல்ல மூன்றாவது ஒன்று. கல்யாணத்துக்கு காண்டிராக்ட் விடுகிற மாதிரிதான், சமையல்காரர் யார் யாரை உள்ளே கூட்டி வந்தார் என்று பெண் வீட்டாருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், நாங்கள் சேர்க்கும் எஸ்.டி.கே. என்னென்ன அனுப்புகிறது என்று எங்கள் டீமில் முழுசாகப் படித்தவர் ஒருவரும் கிடையாது. நான் உட்பட.

ஆனால் போகிற தகவல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒரு தடவை எங்கள் ஆட்டத்தில் 14ஆவது லெவலில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விட்டுவிட்டுப் போனார்கள். கஷ்டமாக இருக்கிறது போல என்று எளிதாக்கினோம், அப்போதும் போனார்கள். போன் மாடல் வாரியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: மேலே கேமராவுக்கு வெட்டு விட்டிருக்கும் சில போன்களில் 'தொடர்க' பட்டன் அந்த வெட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகவல் வராவிட்டால் இன்றைக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். இதற்கு ஆளின் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

விளம்பரக் கதை வேறு. திரையில் ஒரு விளம்பர இடம் காலியானதும் ஏலம் நடக்கும், கண் சிமிட்டும் நேரத்துக்குள். போன் மாடல், மொழி, ஐ.பி. முகவரி, விளம்பர ஐடி (விளம்பரக்காரர்கள் போனை அடையாளம் காண உதவும் எண்), அனுமதி கொடுத்திருந்தால் இருப்பிடம், எல்லாம் ஏலத்துக்கு வந்தவர்கள் முன்னால் வைக்கப்படும். எடுப்பவர் ஒருவர்தான், பார்ப்பவர்கள் எல்லாரும். எடுக்காதவன் பார்த்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வெறும் ஒப்பந்த வரி. 2025 ஜனவரியில் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற அமெரிக்க இருப்பிடத் தகவல் வியாபாரியை ஹேக்கர்கள் உடைத்தபோது வெளியே வந்த ஆப் பட்டியலில் கேண்டி கிரஷ், டெம்பிள் ரன் எல்லாம் இருந்தன. அப்படி ஒரு கம்பெனியோடு தொடர்பே இல்லை என்று சில ஆப்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, இந்த ஏல வழியாகவே போயிருக்கும்.

குழாயடி_குமார் · 10:15

சரி, அது ஓசி ஆப். நான் ஆடுவதெல்லாம் பிசி. ஆஃபர் வரும்வரை காத்திருந்து காசு கொடுத்து வாங்கியது. நமக்கு இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

கொக்குவில்_கஜன் · ஞாயிறு, காலை 7:48

காசு கொடுத்தால் விடுவார்கள் என்று ஆர் சொன்னது?

2018 ஜூன். ஐரோப்பாவில் ஜி.டி.பி.ஆர். என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்து சில கிழமைதான். ரெடிட்டில் ஆட்கள் தங்கள் கேம் கோப்புறைகளைக் கிண்டியபோது ரெட் ஷெல் என்ற கோப்பு அகப்பட்டது. சிவிலைசேஷன் 6, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், கோனன் எக்ஸைல்ஸ், டோட்டல் வார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது, பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குகிற கேம்கள். அது செய்தது இதுதான்: நீங்கள் எங்கோ ஒரு விளம்பர இணைப்பை அழுத்தும்போது உங்கள் பிரவுசர், திரையின் அளவு, கணினியில் இருக்கும் எழுத்துருக்கள், ஐ.பி. எல்லாம் சேர்த்து ஓர் அடையாளம் எடுத்து வைப்பார்கள். பிறகு கேமை வாங்கித் திறந்தால் உள்ளே இருக்கும் ரெட் ஷெல் அதே அளவுகளைத் திரும்ப எடுத்து, அண்டைக்கு அழுத்தின ஆள் இவர்தான் என்று பொருத்திவிடும். அதைச் செய்த இன்னர்வேட் கம்பெனி, பெயரோ மின்னஞ்சலோ எடுக்கவில்லை என்றது. இருக்கலாம். ஆனால் ஒருத்தரையும் கேட்கவில்லையே. சத்தம் கூடினதும் ஒவ்வொரு கம்பெனியாக எடுத்துவிட்டார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ்காரர், சோதித்துக்கொண்டிருந்தது தவறுதலாக வெளியே வந்துவிட்டது என்று சொன்னார்கள். என்னுடைய கணினியில் தேடியபோது இரண்டு கேமில் அந்தக் கோப்பு கிடந்தது. கம்பெனி எடுக்கும்வரை நான் காத்திருக்கவில்லை, நானே அழித்தேன். கேம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அடுத்த வருடம் மார்ச்சில் எபிக் லாஞ்சர், எபிக் கம்பெனியின் கேம்களை வாங்கித் திறக்கும் மென்பொருள். ஸ்டீம் என்ற போட்டி கேம் கடை தன் நண்பர் பட்டியலை வைத்திருக்கும் கோப்பை, நீங்கள் கேட்காமலே, ஒரு பிரதி எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டது. நீங்கள் சம்மதித்தால்தான் அதை எங்கள் சர்வருக்கு அனுப்புவோம் என்றார்கள். கோப்பைத் தொடுவதே சம்மதத்துக்குப் பிறகுதான் நடந்திருக்க வேண்டும் என்று எபிக் தலைவர் டிம் ஸ்வீனியே ஒத்துக்கொண்டார். இத்தனைக்கும் ஸ்டீம் தன் ஹார்டுவேர் சர்வேயை (ஆடுபவர்களின் கணினி விவரக் கணக்கெடுப்பு) எடுக்கும்போது முன்னால் ஒரு பெட்டி காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறது. கேட்டால் குடி முழுகிவிடாது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, எனக்கு இதில்தான் கூடக் கோபம். ஃபார் க்ரை ப்ரைமல், 2016இல் வந்த கேம், ஒருவர் தனியாக ஆடுவது. கற்காலம். வில்லும் ஈட்டியும். ஆனால் நெட் இல்லாமல் தொடங்காது என்று ஓர் ஆஸ்திரியக்காரர் கவனித்து, என்ன போகிறது என்று பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் 150 தடவை வெளியே தொடர்புகொண்டிருக்கிறது. கேட்டால் வாங்கினவர்தானா என்று சரிபார்க்கிறோம் என்று பதில். அவர் வாங்கினதே ஸ்டீமில், அதை ஸ்டீம் ஏற்கெனவே சரிபார்த்துவிடும். 2025 ஏப்ரலில் வியன்னாவில் இருக்கும் நாய்ப் என்ற அமைப்பு (மாக்ஸ் ஷ்ரெம்ஸ் நடத்துவது) அந்தக் கேமைச் செய்த யூபிசாஃப்ட் மேல் ஆஸ்திரியத் தகவல் பாதுகாப்பு ஆணையத்தில் முறையிட்டது. கற்காலத்து மனுசனுக்கு அமேசான் சர்வரில் என்ன அலுவல் என்று எனக்கு விளங்கவில்லை.

மதுரை_மீரா · 8:30

கஜன் அண்ணா எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். நான் வாலரண்ட் என்ற ஆன்லைன் ஷூட்டர் கேம் ஆடுகிறேன். வேறு ஷூட்டர்களில் சுவருக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்துச் சுடுகிறவனிடம் தினமும் செத்துச் செத்து வெறுத்துப் போய் இங்கே வந்தவள். 2020இல் இருந்து அதன் சீட்டிங் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், விண்டோஸின் அடிமட்டமான கெர்னலில், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஏறி உட்காருகிறது என்று எல்லாரும் திட்டுகிறார்கள். சீட்டிங் செய்கிறவனும் கெர்னலில்தானே உட்காருகிறான்? திருடன் மாடியில் இருக்கும்போது காவல்காரனை வாசலிலேயே நில் என்றால் எப்படி?

கொக்குவில்_கஜன் · 8:57

தங்கச்சி, உவமை நல்லாயிருக்கு. ஆனால் அந்தக் காவல்காரனிடம் வீட்டுச் சாவி எல்லாம் இருக்கு. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், சாவியை வேறொருவன் பறித்தால்?

கற்பனை இல்லை, நடந்தது. கென்ஷின் இம்பாக்ட் கேமின் சீட்டிங் தடுப்பு டிரைவர், அதுவும் கெர்னலில் ஓடும் மென்பொருள்தான். 2022இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று அந்த டிரைவரை மட்டும் தனியாகக் கொண்டுவந்து போட்டு, அதன் அதிகாரத்தை வைத்தே ஆன்டிவைரஸை நிறுத்தியது. ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆகஸ்டில் விவரமாக எழுதியது. பாதிக்கப்பட்ட கணினியில் கென்ஷின் இருக்க வேண்டிய தேவையே இல்லை. டிரைவரில் முறையான கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் 'உள்ளே வாங்கோ' என்று விட்டுவிட்டது. கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் கெர்னலில் ஒரு பிழை என்ன செய்யும் என்று 2024 ஜூலை 19இல் பார்த்தோம்தானே. கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு பிழையான அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அது கேம்கூட இல்லை, பாதுகாப்பு மென்பொருள்.

மதுரை_மீரா · 9:10

நான் ஆட மட்டும்தான் அந்தக் கம்ப்யூட்டர். பேங்க் வேலை எல்லாம் அப்பா லேப்டாப்பில். அதனால் எனக்குப் பரவாயில்லை. ஆனால் ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பில் ப்ராஜெக்ட், பேங்க், வாலரண்ட் மூன்றையும் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், அதை யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. ஒத்துக்கொள்கிறேன்.

சும்மா_எட்டிப்பார்த்தவன் · 11:20

நடுவில் ஒரு கேள்வி. வீட்டில் மிக்ஸி பற்றிப் பேசினால் போனில் மிக்ஸி விளம்பரம் வருகிறதே, அது உண்மையா இல்லையா?

பிக்சல்_பாண்டி · 11:52

இந்தக் கேள்வி வராமல் எந்த இழையும் முடிந்ததில்லை :) நாள் முழுக்க நம் பேச்சை ஒலிப்பதிவு செய்து அனுப்பினால் பேட்டரியும் டேட்டாவும் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் யாரோ ஒருவர் அதே வைஃபையில் மிக்ஸி தேடியிருப்பார், பெரும்பாலும் கதை அதுதான்.

ஆனால் முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது: அல்ஃபோன்சோ என்ற கம்பெனியின் மென்பொருள் கூகுள் ப்ளேயில் மட்டும் 250க்கும் மேற்பட்ட கேம்களில் இருந்தது. மைக் வழியாக அது கேட்டது உங்கள் பேச்சை இல்லை, டிவியை. எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம் ஓடுகிறது என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிப்பது. சில கேம்களில் ஆப் பின்னணியில் இருந்தாலும், போன் பாக்கெட்டில் இருந்தாலும் கேட்கும். குழந்தைகள் ஆடும் கேம்களும் அதில் இருந்தன. அனுமதி வாங்கித்தான் செய்தோம் என்றார்கள், உண்மைதான், மைக் அனுமதி கேட்கும் பெட்டி வந்திருக்கும். பந்து உருட்டுகிற கேமுக்கு எதற்கு மைக் என்று எத்தனை பேர் நின்று யோசித்திருப்பார்கள்?

தஞ்சை_ரமா · மதியம் 2:05

சட்டம் படித்தவள், ஆனால் வழக்காடுவதில்லை. வாசு கேட்டது குழந்தையின் டேப்லெட் பற்றி. எல்லாரும் வாலரண்டுக்குப் போய்விட்டீர்கள்.

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 1998இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, காப்பா என்பார்கள். அதை மீறியதாக 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் 27.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது. அதன் ஃபோர்ட்நைட் கேமில் குழந்தைகளுக்கும் குரல் அரட்டை தானாகவே திறந்திருந்ததும் அந்தப் புகாரில் அடக்கம். தந்திரமான பட்டன்களால் வாங்க வைத்ததற்குத் திருப்பித் தரவேண்டியது தனியாக 24.5 கோடி. மறுவருடம் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸில் பெற்றோர் சம்மதம் முடிவதற்கு முன்பே குழந்தைகளின் தகவலை வாங்கி வைத்திருந்ததற்கு 2 கோடி டாலர்.

நம் ஊரில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் முழுசாக நடைமுறைக்கு வர 18 மாதம். இதில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும், குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சரிபார்த்து' என்ற சொல்லில்தான் சிக்கல். நீங்கள் அப்பாதான் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? ஏதாவது அடையாளம் காட்ட வேண்டும். யானைக்குக் கலர் அடிக்கிற ஆப்பிடம் இதுவரை உங்கள் அடையாளம் இல்லை, இனி இருக்கும்.

தமிழ்நாட்டில் இதே கதையின் இன்னொரு வடிவம் பார்த்தோமே. 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று மாநில அரசு விதி போட்டது. ஆடுபவர்களின் அந்தரங்க உரிமை போச்சு என்று வழக்குப் போட்டவர்களில் முன்னால் நின்றது யார் தெரியுமா, ரம்மி கம்பெனிகள்! ஒருவன் எத்தனை மணிக்கு எவ்வளவு தோற்றான் என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருப்பவர்கள். ஜூன் 3இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பண ஆட்டத்தையே மொத்தமாகத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்துவிட்டது, அதற்குள் கொடுத்த ஆதார் கொடுத்ததுதான்.

குழாயடி_குமார் · மாலை 6:40

நக்கல் அடிக்காதீர்கள். பாண்டி சொன்ன விளம்பர ஐடியைத் தேடி என் ஆண்ட்ராய்டில் அமைப்புகள், கூகுள், விளம்பரங்கள் என்று போனேன், 'விளம்பர ஐடியை நீக்கு' என்று ஒன்று இருந்தது, நீக்கினேன். அப்படியே அனுமதிகள் பக்கம் எட்டிப் பார்த்தேன். கேரம் கேம் ஒன்றுக்கு இருப்பிடம் 'எப்போதும்' என்று நானே கொடுத்திருக்கிறேன். எப்போது கொடுத்தேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லைதான், அதற்காகக் கேரம் போர்டு என் பின்னால் மாமியார் வீடு வரை வர வேண்டுமா?

பிக்சல்_பாண்டி · 6:58

விளம்பர ஐடி போனாலும் ஐ.பி., போன் மாடல், திரை அளவு எல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கும், கஜன் சொன்ன ரெட் ஷெல் வித்தை போனிலும் உண்டு. ஆனாலும் நீக்கியது நல்லது. எங்கள் டேஷ்போர்டில் இப்போது ஒருவர் குறைந்திருப்பார்.

வடபழனி_வாசு · வியாழன், இரவு 10:20

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். திறந்ததும் பிறந்த வருடம் கேட்கிறது, ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். 'முதலில் யார் சுற்றினது?' என்று பையனைக் கேட்டேன், 'நான்தான், ரொம்ப நேரம் சுத்தினேன்' என்று பெருமையாகச் சொன்னான். எப்படிச் சுற்றினாய், காட்டு என்றேன். 1931இல் போய் நின்றது. போன தடவையும் இந்த மாதிரிதான் நின்றிருக்கும். அதனால் அவர்கள் ஏட்டில் என் வீட்டில் 94 வயதுப் பெரியவர் ஒருவர் யானைக்கு ரோஸ் கலர் அடித்துக்கொண்டிருக்கிறார். சட்டப்படி அவருக்கு எந்த விளம்பரமும் காட்டலாம்.

தனியுரிமைக் கொள்கையின் அடியில் இருந்த மின்னஞ்சலுக்கு, எங்கள் தகவல் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் தனியுரிமையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம், அழிப்பதற்கு முன் கணக்கு வைத்திருப்பவர் நீங்கள்தான் என்று உறுதி செய்ய, அரசு அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பவும்.

ரமா மேடம், நீங்கள் சொன்னது மூன்றே நாளில் பலித்துவிட்டது. 1931இல் பிறந்த ஆதார் அட்டைக்கு நான் எங்கே போவேன்?

பதில் எழுதவில்லை. டேப்லெட்டை ஏர்ப்ளேன் மோடில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆட்டம் நன்றாகவே ஓடுகிறது, ஒரே குறை, முதல் மூன்று படத்துக்கு மேல் திறக்க விளம்பரம் பார்க்க வேண்டும், நெட் இல்லாததால் திறக்காது. அன்றிலிருந்து அதே யானைக்குத்தான் கலர் அடிக்கிறான். இன்றைக்குப் பச்சை.